யாழ்ப்பாணத்துக் காய்ச்சலும் அலட்டலும்

மாரியில் மாத்திரம் ஓடி வெயில் ஏறியதும் வற்றிப்போகும் வழுக்கியாற்றை ஒதுக்கிவிட்டால், ஆறென்று சொல்லத்தக்கது ஒன்றேனும் இல்லாத நிலம் யாழ்ப்பாணக் குடாநாடு. வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி நிலத்தின் கீழ்த் தேங்கி நிற்க, அதனைக் கிணறு வெட்டி மொண்டெடுத்துக் குடித்தும் குளித்தும் தோட்டத்துக்கு இறைத்துமே பல நூற்றாண்டுகளாக இங்குள்ள சனங்கள் சீவித்து வந்திருக்கிறார்கள். அந்தக் கல்லோ நீரை விரைவாக உறிஞ்சுமேயன்றி மணலைப்போல வடித்துத் தராது. ஒரு வளவின் மலக்குழியில் விழுந்தது அடுத்த வளவின் கிணற்றைச் சென்றடைய அதிக தூரமும் இல்லை, அதிக காலமும் வேண்டியதில்லை. நம்மவர் நெருப்புக்காய்ச்சல் என்று வழங்கும் டைபோயிட் இந்த மண்ணில் நெடுங்காலமாக வேரூன்றி நின்றமைக்கு இந்நில அமைப்பே முதற் காரணம். அதனோடு வன்னிக்குக் கமஞ்செய்யப் போனவர்களைப் பற்றிக்கொண்டு வீடுவரை வந்த மலேரியாவாகிய குலைப்பன்காய்ச்சலும், பங்குனி சித்திரை வெக்கையில் தெருத்தெருவாக நடந்த வைசூரியாகிய அம்மாள் வருத்தமும், பிள்ளைகளைக் கண்ட சின்னமுத்தும் சேர, காய்ச்சல் என்பது யாழ்ப்பாணத்து வீடு ஒவ்வொன்றும் நன்கறிந்த ஒரு விருந்தாளியாயிற்று.

இக்காய்ச்சல்களால் மாண்டோரின் கணக்கை அரசாங்க ஏசண்டர்களின் அறிக்கைகளிலும் மிஷன் வைத்தியர்களின் கடிதங்களிலும் காணலாம். ஆனால் பாயிற் கிடந்தவனுடைய சித்தத்தில் அந்த நாள்களில் என்ன நடந்தது, அவன் எதனைக் கண்டான், எதனைக் கேட்டான், அவன் அலட்டிய வார்த்தைகளுக்கு அருகிருந்தோர் எவ்வாறு செவி கொடுத்தார்கள் என்னும் வரலாற்றை எவரும் முறையாக எழுதினாரில்லை. எழுதத்தக்க வரலாறு அது என்பது என் எண்ணம். யாழ்ப்பாணத்திலே காய்ச்சற்காரனின் அலட்டல் ஒருபோதும் வெறும் இரைச்சலாகத் தள்ளப்பட்டதில்லை. அதற்கு எப்போதும் கேட்பார் ஒருவர் இருந்தார். அவர் ஒரு காலத்திற் பரியாரியாராயும், ஒரு காலத்திற் பூசாரியாயும், ஒரு காலத்தில் மானிப்பாய் வைத்தியராயும் இருந்தார். எக்காலத்தும் தலைமாட்டிற் கண்விழித்திருந்த ஒரு பெண்ணாயும் இருந்தார்.

உடலின் வெப்பம் 103, 104 பாகைக்கு ஏறியபின் சித்தம் அடையும் ஸ்திதியை அனுபவித்தவர்கள் எடுத்துச் சொல்லும்போது, ஊரும் காலமும் வியாதியும் வேறுவேறாயினும் சில செய்திகள் மாறாது வருதலைக் காணலாம். முதலிலே அளவுகள் கெடுகின்றன. தன் கை வீங்கிப் பெருத்து அறையை அடைத்துக்கொள்வதாகவும், கால்மாட்டில் நிற்கும் தாய் எட்டாத தூரத்துக்குப் போய்ச் சிறுத்துவிட்டதாகவும், விரல்நுனியிலே ஒரே சமயத்தில் மயிரிழையின் மென்மையும் மலையின் பாரமும் தோன்றுவதாகவும் குழந்தைகள் சொல்லி அழுவதுண்டு. இவ்வளவுக்கேட்டினை 1955ஆம் ஆண்டில் விவரித்த ஆங்கில மனோவைத்தியர் ஜோன் டொட், வளர்ந்தும் குறுகியும் அல்லற்பட்ட அலிஸ் என்னும் கதைச் சிறுமியின் பெயரையே அதற்கு இட்டார். அடுத்துக் காலம் கெடுகிறது. விடியற்புறம் தோட்டக் கிணற்றிலே துலா ஏறி இறங்கும் கிரீச்சொலி ஒருமுறை கேட்டதும், அது நூறுமுறை, ஆயிரம்முறை கேட்டதாகவும், அதை எண்ணி முடித்தாலன்றித் தனக்கு விடுதலை இல்லையென்றும் நோயாளிக்குத் தோன்றும். எண்ணி முடியாத இந்தக் கடமை கடுஞ்சுரத்தின் மிகப் பொதுவான வேதனைகளுள் ஒன்று. செய்து தீராத கணக்கு, கட்டி முடியாத மூட்டை, சொல்லி நிறைவேறாத ஒரே வாக்கியம் என்று அது பல வடிவெடுக்கும். அதன்பின்னரே காட்சிகள் வருகின்றன. கூரையின் கிடுகுகள் ஊர்கின்றன. அரிக்கன் லாம்பின் நிழல் எழுந்து நடக்கிறது. செத்துப் பல வருடமான பாட்டனார் வாசலில் நின்று பெயர்சொல்லி அழைக்கிறார்.

இதற்குத் தற்கால வைத்திய சாஸ்திரம் தரும் விளக்கம், முழுமையானதன்றாயினும், அறியத்தக்கது. கிருமிகளை எதிர்க்கும்பொருட்டு உடல் தானே சுரக்கும் சில திரவியங்கள், மூளையின் அடிப்பாகத்திலே வெப்பத்தை ஆளும் மையத்தைத் தூண்டி உடலின் சூட்டை உயர்த்துகின்றன. அதே திரவியங்களின் கிளர்ச்சி மூளையின் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் இரசாயனங்களின் சமநிலையையும் குலைத்துவிட, விழிப்புக்கும் உறக்கத்துக்கும் இடையிலுள்ள எல்லை அழிந்து, கண் திறந்திருக்கும்போதே கனவு உள்ளே நுழைகிறது. இரவில் அதிகரிப்பதும், பகலில் தெளிவு வந்து போவதும், சிறு பிள்ளைகளையும் முதியோரையும் விசேஷமாகப் பற்றுவதும் இதன் இயல்புகள். படுக்கைத் துணியை ஓயாது பிடுங்கிக்கொண்டிருத்தலும் ஆகாயத்தில் எதையோ பற்ற முயலுதலும் மரணத்தை அடுத்த அறிகுறிகள் என்று ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குறித்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் சிங்காசனப் பெயர்களை மாறிமாறிப் பூண்டு அரசிருந்தனர். 1619இல் பறங்கியர் கையில் அந்த அரசு வீழ்ந்தபோதிலும், அரசர்களின் பெயர்களை ஏற்ற வைத்திய நூல்கள் வீழ்ந்துபடவில்லை. பன்னீராயிரம் செய்யுள் கொண்டது என்று மரபு கூறும் 'பரராசசேகரம்' பரியாரிப் பரம்பரைகளின் ஏட்டுப்பெட்டிகளிற் சிதறிக் கிடக்க, அதனைத் தேடிச் சேர்த்து ஒப்புநோக்கிப் பாகம் பாகமாக அச்சிட்டு வெளிப்படுத்தியவர் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அவர்கள். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் இராச்சியத்தின் உதவியோ சர்வகலாசாலையின் ஆதரவோ இன்றித் தனியொருவர் ஓர் ஊரில் இருந்து செய்த இந்தப் பணியை நினைக்குந்தோறும், நாம் அவருக்குப் பட்டிருக்கும் கடனை எவ்விதத்தில் தீர்த்தோம் என்ற கேள்வி எனக்கு எழாமற் போவதில்லை.

சித்தமருத்துவம் சுரத்தையும் சன்னியையும் வேறு பிரித்துப் பேசுகிறது. வாதம், பித்தம், சிலேற்பனம் என்னும் மூன்றும் ஒருங்கே கெட்டு மோதும்போது, வெறுஞ்சுரமாய் நின்றது சன்னிபாதமாக மாறுகிறது என்பது கொள்கை. சன்னி பதின்மூன்று என்று தமிழ் வைத்தியர் எண்ணுவர். சரகர் முதலிய வடமொழி ஆசிரியர்களும் சன்னிபாத சுரத்தைப் பதின்மூன்றாகவே வகுத்தனர். அவ்வாசிரியர்கள் கூறும் குறிகுணங்களை வாசிப்பவர் எவரும், கூறியவர் நோயாளியின் அருகிற் பல இரவுகள் இருந்தவர் என்பதை உணராதிருக்க முடியாது. பகலில் உறங்குதலும் இரவில் விழித்திருத்தலும், காதிலே ஓசை கேட்டலும், நாக்குத் தீய்ந்து கரடுபடுதலும், பிதற்றுதலும் மாத்திரமன்று. பாடுதலும் ஆடுதலும் சிரித்தலும் அங்கே வியாதியின் குணங்களாக எழுதப்பட்டிருக்கின்றன. சன்னிபாதத்தின் இறுதியில் காதடியிலே கொடிய வீக்கம் கண்டால் பிழைப்பவர் அரிது என்றும் சரகர் கூறுகிறார். டைபோயிட் முற்றி வாய் உலர்ந்தவர்க்குக் காதடிச் சுரப்பி சீழ்கொண்டு வீங்குவதைப் பிற்காலத்து ஐரோப்பிய வைத்தியரும் பதிவு செய்திருக்கிறார்களாகையால், பழையவர் கண்டது எந்தக் காய்ச்சலை என்பது ஒருவாறு ஊகிக்கத்தக்கதே.

பரியாரியார் வருகிறார். விறாந்தையிற் செம்பில் வைத்த தண்ணீரிற் கால் கழுவி உள்ளே வந்து நாடி பிடித்துப் பார்த்தபின் அவர் வீட்டாரிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "இராவிலை என்ன சொல்லி அலட்டினவர்?" என்பதாகும். சிரித்தாரா, அழுதாரா, ஆரையும் அடையாளம் கண்டாரா, எழும்பி ஓடப் பார்த்தாரா என்பனவெல்லாம் அவருக்கு வேண்டிய செய்திகள். எந்தச் சன்னி என்று துணிவதற்கு நாடியும் நாக்கும் போதாதபோது இந்தப் பேச்சே சாட்சியாயிற்று. ஆகவே கண்விழித்திருந்த ஆச்சியோ அக்காவோ கேட்டதை மறவாது வைத்திருந்து மறுநாள் ஒப்புவிக்கவேண்டியவராயினர். அலட்டலுக்குச் செவி கொடுத்தல் அன்பினால் மாத்திரம் நடந்ததன்று, சிகிச்சையின் ஓர் உறுப்பாகவும் நடந்தது. பின்னர்க் கோரோசனையும் கஸ்தூரியும் கூடிய மாத்திரையை முலைப்பாலிலோ தேனிலோ உரைத்துப் புகட்டுவதும், பிரக்ஞை தப்பினவர்க்கு மூக்கிலே நசியமும் கண்ணிலே கலிக்கமும் இடுவதும், மல்லியும் வேர்க்கொம்பும் அவித்த குடிநீரைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பருக்குவதும் நடைபெறும்.

பழைய முறையிற் குறையே இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. 'இலங்கணம் பரம ஔஷதம்' என்னும் வாக்கை வேதவாக்காகக் கொண்டு மூன்று வாரம் கஞ்சித்தெளிவு மாத்திரம் கொடுத்துக் கிடத்தியதால், காய்ச்சல் விட்டும் பசியாலே பிரமை தெளியாது கிடந்தவர்கள் பலராயிருத்தல் வேண்டும். இது நமக்கு மாத்திரம் உரிய பிழையுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாகத்தில் ஐரோப்பிய வைத்தியரும் சுரக்காரரைப் பட்டினி போட்டனர். அதனை எதிர்த்த டப்ளின் நகரத்து வைத்தியர் ரொபேட் கிரேவ்ஸ், சுரக்காரருக்கு உணவூட்டினவன் இவன் என்பதையே தமது கல்லறையில் எழுதினாற் போதும் என்று மாணவரிடம் சொன்னதாக வரலாறு.

இலங்கையின் தென்பாகத்திலே இந்தச் சன்னிகள் முகமும் உருவமும் பெற்றன. சிங்களரின் சன்னி யகும என்னும் இராக்காலச் சடங்கில் பதினெட்டுச் சன்னிப் பேய்கள், ஒவ்வொன்றும் தனக்குரிய முகமூடி தரித்து, நோயாளியின் முன்னே வந்து ஆடுகின்றன. பாம்புகளைக் கனவு காண்பது ஒரு பேயின் வேலை. சித்தம் பேதலிப்பது இன்னொன்றின் வேலை. பிதற்றி மரணத்தை அணுகுவது மற்றொன்றின் வேலை. தனக்குள்ளே மாத்திரம் கண்டு பயந்த உருவத்தை ஊரார் எல்லோரும் கூடியிருந்து காண, அது கேலிப் பேச்சுப் பேசிச் சிரிக்க வைத்து, கடைசியிற் கட்டளைக்குப் பணிந்து போய்விடுவதை நோயாளி காண்கிறான். நமது வடபுலத்தில் இத்தகைய முகமூடி ஆட்டம் வளரவில்லை. இங்கே அந்தக் காட்சிகளை ஏற்றுக்கொண்ட வடிவம் வேறு, அது அம்மாள்.

வைசூரி கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகியதும் அந்த வீட்டின் நியதி முழுவதும் மாறிவிடும். தாளிதம் இல்லை, மச்சம் மாமிசம் இல்லை, உரத்த பேச்சில்லை, அந்நியர் வரவில்லை. பாயிற் கிடப்பது வீட்டுப் பிள்ளையே ஆனாலும் அதன் தேகத்தில் எழுந்தருளியிருப்பவள் தெய்வம். எனவே அதன் வாயில் வரும் வார்த்தையும் முற்றும் அதனுடையதன்று. நடுச்சாமத்திலே இளநீர் கேட்டால், "அம்மாள் கேக்கிறா, குடுங்கோ" என்று ஆச்சிமார் சொல்வர். பயந்து அலறினால் அதட்டார், அடக்கிப் பிடியார், வேப்பங்குழையால் மெல்ல வீசிக்கொண்டு மாரியம்மன் தாலாட்டைப் பாடுவர். பாடப்படுவது தெய்வத்துக்கு, கேட்பதோ பிள்ளை. இருட்டறை, குறைந்த ஓசை, பழகிய குரல், ஒரே சீராய்த் திரும்பத் திரும்ப வரும் பாட்டு, அருகிலிருந்து அகலாத ஒருவர் ஆகிய இவை ஐந்தும் கலங்கிய சித்தத்துக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, அவற்றை விதித்தவர்கள் பக்தியினால் விதித்தார்களோ அனுபவத்தினால் விதித்தார்களோ, நன்கு அறிந்திருந்தார்கள் என்றே நான் நம்புகிறேன். வைசூரிக்கு அவர்களிடம் மருந்திருக்கவில்லை. அதனால் வந்த பிரமைக்கு ஒரு பரிகாரம் இருந்தது. நோய் தீர்ந்தபின் நேர்த்திக்கடனாகக் காத்தவராயன் கூத்தை ஆடுவிப்பதும், பொங்குவதும், மடை பரவுவதும் அந்த இரவுகளின் கணக்கைத் தீர்க்கும் கருமங்களாயின. கத்தோலிக்கர் வீடுகளிற் செபமாலையும், சோனகதெரு முஸ்லிம்களின் வீடுகளில் ஓதிய தண்ணீரும் இதே இடத்தில் நின்றன.

இந்த அம்மாள் வழிபாட்டின் பழைய நாயகி கண்ணகி. மதுரையை எரித்த வெப்பத்தின் தேவி சுரத்துக்கும் அம்மைக்கும் அதிதேவதையானதில் ஒரு பொருத்தம் உண்டு. ஆயினும் நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்கள், சைவாகமங்களில் இடம்பெறாத இவ்வழிபாட்டினை வன்மையாகக் கண்டித்தார்கள். அவர்கள் காலத்திலும் அவர்களுக்குப் பின்னும் குடாநாட்டுக் கண்ணகி கோயில்கள் பல இராசராசேசுவரி, புவனேசுவரி என்னும் பெயர்களைத் தாங்கின. நாவலரவர்களின் நோக்கம் சைவத்தைத் தூய்மை செய்வது என்பதை மறுப்பாரில்லை. ஆனால் பெயர் மாறிய கோயில்களுக்கும் சனங்கள் அதே வேப்பிலையோடும் அதே நேர்த்தியோடும் சென்றார்கள் என்பதையும் சரித்திரம் குறிக்கவேண்டும். காய்ச்சலில் அலட்டிய பிள்ளையின் தாய்க்கு ஆகமப் பிரமாணத்தைக் காட்டிலும் அருகில் வந்து கேட்கும் ஒரு தெய்வமே வேண்டியிருந்தது.

நாவலர் பிறந்த 1822ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மசசூசெற்ஸ் இராச்சியத்தில் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்து அடுத்த ஆண்டில் மானிப்பாயிலே தமது வைத்தியப் பணியை நிலைநிறுத்தினார். அவருக்கு முன்பே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜோன் ஸ்கடர் 1820ஆம் ஆண்டளவிற் பண்டத்தரிப்பிலே வைத்தியம் தொடங்கிப் பிற்பாடு சென்னைக்குப் போய்விட்டார். அரசாங்க ஏசண்டர் பேர்சிவல் டைக் முயற்சியால் 1850இல் யாழ்ப்பாணப் பட்டினத்தில் எழுந்த தரும வைத்தியசாலையே இன்றைய போதனா வைத்தியசாலையின் மூலம். எனினும் இவர்கள் எல்லோருள்ளும் கிறீனுக்கு நாம் தனியிடம் கொடுக்கக் காரணம், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கவேண்டும் என்று அவர் துணிந்ததுதான். அங்காதிபாதமும் இரணவைத்தியமும் பிரசவவைத்தியமும் கெமிஸ்தமும் தமிழில் நூல்களாயின. ஹூப்பர் என்னும் ஆங்கில வைத்தியரின் கைந்நூல் 1872இல் 'வைத்தியாகரம்' ஆயிற்று. 1873இல் தாயகம் மீண்டு 1884இல் மரணமடைந்த அவர், தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறையிற் பொறிக்கவேண்டும் என்று விரும்பியிருந்தார்.

தமிழிற் கற்ற வைத்தியன் தமிழில் அலட்டும் நோயாளியின் கட்டிலருகே நின்றான் என்பது சிறிய செய்தியன்று. குடியேற்ற நாடுகள் பலவற்றில், நோயாளி தன் தாய்மொழியிற் பிதற்ற, அதில் ஒரு சொல்லும் விளங்காத வைத்தியர் அதனைப் பிதற்றல் என்று ஒரே சொல்லிற் குறித்துவிட்டு நகர்ந்த காலம் அது. மானிப்பாயில் அவ்வாறாகவில்லை; கிறீனின் மாணாக்கர்கள் ஊர் ஊராகச் சென்று வீடுகளிலே வைத்தியம் பார்த்தபோது, பரியாரியார் கேட்ட அதே கேள்வியை அதே பாஷையிற் கேட்கக்கூடியவர்களாயிருந்தார்கள். வேறுபாடு ஒன்று விரைவில் வந்தது. லைப்சிக் நகரத்து வுண்டர்லிச் என்னும் பேராசிரியர் இருபத்தையாயிரம் நோயாளிகளின் வெப்பத்தை அளந்து 1868இல் தம் நூலை வெளியிட்டார். அதே சமயத்தில் இங்கிலாந்தில் ஓல்பட் என்பவர் ஐந்து நிமிஷத்தில் அளவு காட்டும் சிறிய வெப்பமானியை உண்டாக்கினார். இந்தக் கண்ணாடிக் கோல் உலகெங்கும் பரவியபின், காய்ச்சல் என்பது ஒரு கதையாக இருந்த நிலை மாறி ஓர் இலக்கமாயிற்று. இன்றும் யாழ்ப்பாணத்து வீடுகளில், "பிள்ளைக்கு நூற்றிமூண்டு" என்றால் அதற்குமேல் எவரும் விளக்கம் கேட்பதில்லை. இலக்கம் உண்மை சொல்லும், சிகிச்சைக்கு உதவும், அதனை நான் குறைத்துப் பேசேன். ஆனால் "இராவிலை என்ன சொல்லி அலட்டினவர்?" என்ற கேள்வி அருகிப்போனது அதன் வரவுக்குப் பின்னரே.

1905 ஜனவரியில் லெனாட் வூல்ஃப் என்னும் இளைஞர் இலங்கைச் சிவில் சேவையில் உத்தியோகம் பெற்று யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வந்தார். இங்கிருந்த காலத்தில் அவரையும் நெருப்புக்காய்ச்சல் விட்டுவைக்கவில்லை. கிணற்று நீர் ஆள்பவனென்றும் ஆளப்படுபவனென்றும் பேதம் பாராட்டாதாகையால் அதிலே வியப்பொன்றுமில்லை. பிற்காலத்தில் அவர் மணந்த வேர்ஜீனியா வூல்ஃப், 1926ஆம் ஆண்டு ஜனவரியில் நோயுற்றிருத்தல் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். காதலையும் போரையும் பொறாமையையும் பாடிய இலக்கியம், மனிதனை முற்றும் வேறோர் உலகத்துக்குக் கொண்டுபோகும் வியாதியை ஏன் பாடுபொருளாகக் கொள்ளவில்லை என்பது அதில் அவர் எழுப்பும் வினா. தம் கணவரை ஒருகாலத்திற் கிடத்திய டைபோயிட்டையும் அவர் அங்கே பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறார். ஆங்கில இலக்கியத்தை நோக்கி அவர் கேட்டது நம்மை நோக்கியும் கேட்கத்தக்கது. நமது சிறுகதைகளில் வியாதி வரும். பெரும்பாலும் அது வறுமையைக் காட்டவோ மரணத்துக்கு வழி செய்யவோ வருமேயன்றி, சுரத்தின் உள்ளே நின்று பேசுவதற்காக வருவது அரிது.

மூன்று, நான்கு வாரங்கள் ஏறி நின்று இறங்கும் நெருப்புக்காய்ச்சலின் நீண்ட பிரமைக்கு முடிவு கட்டிய மருந்து, யாழ்ப்பாணத்தாருக்கு நன்கு அறிமுகமான ஒரு நகரத்திலேதான் சோதிக்கப்பட்டது. றெயில்வேயிலும் திறைசேரியிலும் உத்தியோகம் பார்க்கச் சென்ற நம்மவர்கள் வீடு கட்டிக் கோயிலும் கட்டி வாழ்ந்த கோலாலம்பூரில், 1948இல் அமெரிக்க வைத்தியர் சிலர் வேறொரு காய்ச்சலுக்கென்று குளோரோமைசெற்றினைக் கொடுத்துப் பார்த்தபோது, தவறுதலாக அதற்குள் அகப்பட்ட டைபோயிட் நோயாளிகள் வியக்கத்தக்க விரைவிற் குணமடைந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளுள் அம்மருந்து எங்கும் பரவ, மூன்றாம் வாரத்து முணுமுணுப்பும், கண் திறந்தபடியே கிடக்கும் மயக்கமும், துணி பிடுங்கும் விரல்களும் வைத்திய மாணவர்கள் நூலில் மாத்திரம் வாசிக்கும் செய்திகளாயின. எத்தனை தாய்மாரின் வயிற்றில் அது பால் வார்த்தது என்பதற்குக் கணக்கில்லை.

குலைப்பன்காய்ச்சலின் வழி வேறு. 1963இல் இலங்கை முழுவதிலும் 17 பேர் என்ற அளவுக்கு ஒடுங்கிய மலேரியா, 1968, 69இல் மீண்டும் பெருகியது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்துச் சனங்கள் இலட்சக்கணக்கிற் பெயர்ந்து, தென்மராட்சிக்கும் அதிற் பெருந்தொகையானோர் வன்னிக்கும் போனபோது, பரம்பரையாக வன்னிக்காட்டைக் கண்டு அஞ்சியதற்குக் காரணமான காய்ச்சலை அவர்கள் மரத்தடியிலும் கொட்டிலிலும் கிடந்து அனுபவிக்க நேர்ந்தது. மருந்துத் தட்டுப்பாட்டு நாள்கள் அவை. அந்தக் கொட்டில்களில் அலட்டியவர்கள் அழைத்தது விட்டுவந்த வீட்டின் சாமான்களையும், கட்டிலிலே விட்டுவந்த முதியவர்களையுமே. இறுதி உள்ளூர் மலேரியா நோயாளி 2012இல் காணப்பட்டார். 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடாக அறிவித்தது. இப்போது மாரி முடிவில் யாழ்ப்பாணத்து வைத்தியசாலைகளை நிரப்புவது டெங்கு.

இவ்வளவுக்கும் பின்பு, அலட்டுபவரின் தலைமாட்டில் இருப்பவரைப் பற்றி விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த வைத்தியர் ஷரோன் இனோயி என்பவரும் அவருடைய சகாக்களும், எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளை இரண்டு பிரிவாகக் கவனித்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவினருக்கு அதனோடு, அடிக்கடி பேச்சுக்கொடுத்து நாளையும் இடத்தையும் நினைவூட்டுதல், இரவிலே ஓசையைக் குறைத்து மருந்தின்றி உறங்கச் செய்தல், தண்ணீர் பருக்குதல், எழுப்பி நடத்துதல், கண்ணாடியும் செவிக்கருவியும் தந்து உதவுதல் ஆகியன. வழக்கமான பிரிவில் நூற்றுக்குப் பதினைவர் சித்தப்பிரமைக்குள்ளாக, கவனிக்கப்பட்ட பிரிவில் அத்தொகை நூற்றுக்குப் பத்துக்குச் சற்றுக் குறைந்து நின்றது. முதியோரைப் பற்றிய இந்தச் சோதனையை எல்லாக் காய்ச்சற்காரருக்கும் அப்படியே பொருத்துதல் கூடாது. பிரமை வந்தபின் மாற்றுவதைக் காட்டிலும் வராமற் காப்பதிலேயே அது பயன் கண்டது என்பதையும் மறத்தல் கூடாது. ஆனாலும் வேப்பங்குழையோடு இருட்டறையிற் கண்விழித்த ஆச்சிமாரின் ஒழுங்கையும் இந்தப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவரும், அவற்றுள் எத்தனை பொதுவாயிருக்கின்றன என்பதைக் காணத் தவறார். தீவிர சிகிச்சைப் பிரிவின் மின்விளக்கொளியில், இரவு பகல் தெரியாது, முகமறியாதவர் நடுவிலே உறவினர் வெளியே நிறுத்தப்பட்டுக் கிடக்கும் முதியவர், சுரத்தின் பிரமைக்குத் தம் பாட்டனாரைக் காட்டிலும் துணையின்றி ஆட்பட்டிருக்கிறார்.

பரராசசேகரத்தின் பாகங்களும் கிறீனின் நூல்களும் இன்று நூலகம் நிறுவனத்தின் மின்சேகரத்தில் எவரும் எடுத்து வாசிக்கக் கிடக்கின்றன. எழுதப்படாதவையே மீளாது போய்க்கொண்டிருக்கின்றன. குளோரோமைசெற்றின் வருமுன் நெருப்புக்காய்ச்சலிலே வாரக்கணக்காகக் கிடந்து பிழைத்தவர்கள் இப்பொழுது எண்பதைக் கடந்தவர்கள். வைசூரி கண்ட வீட்டிலே தாலாட்டுக் கேட்டவர்களும் அவ்வாறே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மருத்துவபீடமும் சித்தமருத்துவப் பிரிவும் தமிழ்த்துறையும் கூடி முயன்றால் இவர்களை ஊர் ஊராகத் தேடி, அவர்கள் சொல்வதை அவர்களுடைய பேச்சிலேயே பதிந்துவைத்தல் இயலும். கூரையில் என்ன ஊர்ந்தது, எந்த ஒலி முடிவின்றிக் கேட்டது, யார் வந்து வாசலில் அழைத்தார் என்று கேட்பதோடு, அப்போது அறையில் யார் இருந்தார், அலட்டிய வார்த்தைக்கு அவர் என்ன மறுமொழி சொன்னார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும்.